முதியோர் இல்லமும் இளைஞர் கடமையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சமூக சேவை பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். பொருளோ கடல் போன்றது. எனக்குத் தரப்பட்ட நேரமோ அரை மணித்தியாலம். ஆதலின் அக்கடலில் ஒரு சிறு குடாவை மட்டும் இன்று உங்களுக்குக் காட்ட விரும்புகின்றேன். முதியோர் இல்லமொன்றின் உள்வாழ்வே அது. அங்கே வாழ்வோர் எவ்வாறு பொழுதைக் கழிக்கின்றனர், ஊழியர் எவ்வாறு உழைக்கின்றனர், வெளியிலிருந்து செல்லும் நாம் அங்கே என்ன செய்கின்றோம், என்ன செய்தல் வேண்டும் என்பனவே எனது பேச்சின் பகுதிகளாம்.

ஆண்டுதோறும் நமது சங்கத்தின் ஆண்டு நிறைவை முன்னிட்டு முதியோர் இல்லமொன்றிற்குச் சென்று மதிய உணவு வழங்கி வருகின்றோம். நானும் மூன்று முறை சென்றேன். சென்றோம், பரிமாறினோம், இரண்டு பாட்டுப் பாடினோம், படம் பிடித்துக்கொண்டோம், இரண்டு மணிக்கு முன்னரே வானில் ஏறித் திரும்பிவிட்டோம். நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவு மூன்று முறையும் எனக்கு இருந்தது. அந்த நிறைவு சென்ற ஆண்டு கலைந்தது. அது கலைந்த விதத்தைச் சொல்லிவிட்டே மேலே செல்லவேண்டும்.

என் பெரியம்மா ஓர் ஆசிரியை, மணம் செய்யாதவர். முப்பத்துநான்கு ஆண்டுகள் படிப்பித்தார். எனக்கு ஏடு தொடக்கி எழுத்தறிவித்தவரும் அவரே. இடுப்பு எலும்பு முறிந்தபின் அவரால் தனியே வாழ முடியவில்லை. எங்கள் வீட்டிலோ பகலில் ஒருவரும் இல்லை. பல நாள் பேசி, பல இரவு உறங்காது, ஈற்றில் அவரை வேறோர் ஊரிலுள்ள முதியோர் இல்லத்திற் சேர்த்தோம். விடுமுறைகளில் நான் சென்று பார்ப்பேன். அவ்வாறு சென்ற ஒருநாள், அவரது கட்டிலருகே நான் இருந்தபோது இளைஞர் கூட்டமொன்று உணவுப் பொட்டலங்களோடு வந்தது. அவர்கள் நல்ல பிள்ளைகள், நம்மைப் போன்றவர்கள். ஒருவர் பெரியம்மாவின் கையிற் பொட்டலத்தை வைத்து, "பாட்டி, சாப்பிடுங்கோ" என்றார். மற்றொருவர் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பின்னர் அடுத்த கட்டிலுக்குச் சென்றனர். அவர்கள் போனபின் பெரியம்மா என்னைப் பார்த்து, "வந்த பிள்ளையளிலை ஒருத்தரும் என்ரை பேரைக் கேக்கேல்லை, கவனிச்சியே?" என்றார்.

நண்பர்களே, மூன்று ஆண்டுகளில் நான் எத்தனை பேரின் பெயரைக் கேட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவரின் பெயரையும் கேட்கவில்லை. நான் பேச வந்த பொருளின் தொடக்கம் அதுவே.

முதியோர் இல்லம் என்றவுடன் நாம் மூன்று காரியங்களை நினைக்கின்றோம்: உணவு, மருந்து, சுத்தம். இம்மூன்றும் இன்றியமையாதன. இவை குறைவுபட்ட இடத்தில் வேறெதைப் பேசியும் பயனில்லை. ஆயினும் இம்மூன்றும் குறைவின்றிக் கிடைத்த ஓர் இல்லத்தில் மனிதர் வாடிப்போவது ஏன் என்ற கேள்வியை ஒரு வைத்தியர் எழுப்பினார். அவர் கதையை இங்கே சற்று விரிவாகச் சொல்லுதல் பொருந்தும்.

ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே நியூ பெர்லின் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே சேஸ் ஞாபகார்த்த இல்லம் என்னும் முதியோர் பராமரிப்பு நிலையத்திற்கு, 1991ஆம் ஆண்டில் பில் தோமஸ் என்னும் இளம் வைத்தியர் மருத்துவப் பொறுப்பாளராக வந்தார். வயது முப்பத்தொன்று. அதற்கு முன் விபத்துப் பிரிவிற் பணியாற்றியவர். இல்லத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய எண்பது பேர். பெரும்பாலோர் உடல் தளர்ந்தவர்கள், பலர் நினைவும் தளர்ந்தவர்கள். ஒவ்வொருவரையும் பரிசோதித்தார், மருந்துகளை மாற்றிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. ஈற்றில் அவர் கண்ட நோய்கள் மூன்று: தனிமை, சலிப்பு, பிறர்க்கு ஒன்றும் செய்ய இயலாத கையறு நிலை. இவற்றுக்கு மருந்துப் பெட்டியில் மருந்தில்லை என்று கண்ட அவர், இல்லத்தினுள்ளே உயிர்களைக் கொண்டுவரத் துணிந்தார்.

இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு கிளிக்குஞ்சுகள்! இதுவே அவர் கேட்ட மருந்து. சட்டவிதிகள் இதற்கு இடந்தரவில்லை. அரசினரிடம் சிறப்பு அனுமதி பெற்றார்கள். பறவைகள் வந்து சேர்ந்த நாளில் கூடுகள் வந்து சேரவில்லை. கொண்டுவந்தவர் முதியோருக்குத் தலைமயிர் திருத்தும் அறையினுள்ளே நூறு பறவைகளையும் பறக்கவிட்டுக் கதவைச் சாத்திச் சென்றுவிட்டார். பின்னர் வந்த கூடுகளோ பூட்டிப் பொருத்தப்படாதவை. ஊழியர்கள் கூடுகளைப் பொருத்தவும் பறவைகளைத் துரத்திப் பிடிக்கவும் பட்ட பாட்டை முதியோர் கண்ணாடிக்கு வெளியே நின்று கண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்களாம். அச்சிரிப்பே சிகிச்சையின் தொடக்கம் எனலாம். செயற்கைச் செடிகளை அகற்றி உயிர்ச் செடிகளை வைத்தனர். புற்றரையைக் கொத்திக் காய்கறித் தோட்டமாக்கினர். ஊழியரின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் அங்கேயே வந்து விளையாட ஏற்பாடு செய்தனர்.

பயன் என்ன? வெகுநாள் பேசாதிருந்தவர்கள் பேசத் தொடங்கினர். அறையை விட்டு வெளிவராதவர், நாயை உலாவக் கூட்டிச் செல்வது தமது வேலை என்று கூறிக்கொண்டு முன்வந்தார். பறவைகள் எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்தது. அந்த இல்லத்தை அயலிலுள்ள இன்னோர் இல்லத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒருவருக்கு எழுதப்பட்ட மருந்துகளின் எண்ணிக்கை மற்றதிற் பாதியாகக் குறைந்திருந்தது. மருந்துச் செலவு 38 சதவீதமாக இருந்தது. இறப்பு 15 சதவீதம் குறைந்தது. இக்கதையை அதுல் கவாண்டே என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 2014இல் வெளியிட்ட "பீயிங் மோர்ட்டல்" என்னும் நூலில் விரிவாக எழுதியிருக்கின்றார். நமது நூல்நிலையத்திற்கு அந்நூலை வாங்கலாம் என்பது எனது கருத்து.

ஆனால் இக்கதையில் என் மனத்தைக் கவர்ந்தது கிளிகள் அல்ல, ஊழியர்களே. தொடக்கத்தில் எல்லோரும் இத்திட்டத்தை வரவேற்கவில்லை. ஒரு நாய் தரையை அசுத்தப்படுத்திவிட்டது. கடமையிலிருந்த தாதி, தாதியருக்குப் பொறுப்பான அம்மையாரின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, துப்புரவு செய்ய வருகின்றீர்களா என்று கேட்டார். அவர் வர மறுத்தார். மறுநாட் காலை வந்து பார்த்தபோது, ஒருவரும் மிதிக்காதபடி அந்த அசுத்தத்தின்மேல் ஒரு கதிரை வைக்கப்பட்டிருந்தது! தாதியோ தமது கடமை முடிந்து வீடு சென்றுவிட்டார்.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கின்றீர்கள். ஆனால் அத்தாதியை நாம் குறைகூறுவதற்கு முன் சற்று நிதானித்தல் வேண்டும். மருந்து கொடுக்கவும் புண்ணுக்குக் கட்டுப்போடவும் கற்று வந்தவர் அவர். முதியோர் இல்லம் ஆஸ்பத்திரியாயின் அது அவருடைய வேலையன்று. வீடாயின் அது எல்லோருடைய வேலையுமாம். அந்த இல்லம் இரண்டில் எது என்பதைத் தீர்மானிக்கவே அவர்களுக்குப் பல மாதங்கள் சென்றன. ஊழியர் மனம் மாறாத இடத்தில் நாயும் பூனையும் வந்தென்ன?

இனி, நமது நாட்டு ஊழியரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியம்மாவின் இல்லத்தில் ஒரு பராமரிப்பாளர் அம்மா இருக்கின்றார். ஐம்பது வயதிருக்கும். "நீங்கள் இவர்களோடு கொஞ்சம் இருந்து கதைக்கக் கூடாதா?" என்று ஒருநாள் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, ஒராளுக்குச் சோறு தீத்த அரை மணித்தியாலம் வேணும். எனக்கு இந்தப் பக்கத்திலை தீத்த வேண்டிய ஆக்கள் ஆறு பேர். கடைசி ஆளுக்குத் தீத்தி முடிய, முதல் ஆளுக்குத் தேத்தண்ணி நேரம் வந்திடும். கதைக்க எனக்கும் விருப்பந்தான்" என்றார். நான் தலைகுனிந்தேன். ஆறு பேருக்கு அரை மணித்தியாலம் வீதம் மூன்று மணித்தியாலம். இக்கணக்கைப் போட்டுப் பார்க்காமலே அவரைக் குற்றவாளியாக்கிவிட்டேன். அன்பில்லாத காரணத்தால் அவர் பேசாதிருக்கவில்லை. நேரமில்லாத காரணத்தாற் பேசாதிருக்கின்றார். அவரிடம் இல்லாத அந்த ஒரே பொருள் நம்மிடம் தாராளமாக இருக்கின்றது.

அடுத்து, இன்னோர் ஆராய்ச்சி. அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்திலுள்ள ஆர்டன் ஹவுஸ் என்னும் பராமரிப்பு இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளநூல் அறிஞர் இருவர் செய்து 1976இல் வெளியிட்டது அது. ஒரு மாடியில் இருந்தோருக்கு, "உங்கள் அறையை எப்படி ஒழுங்குசெய்வது, நேரத்தை எப்படிக் கழிப்பது என்பன உங்கள் பொறுப்பு" என்ற கருத்துப்பட நிர்வாகி பேசினார். ஆளுக்கொரு செடி கொடுத்து அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அவர்களிடமே விட்டார். படக் காட்சிக்குரிய இரவை அவர்களே தெரிந்துகொள்ளலாம் என்றார். மற்றொரு மாடியினருக்கு, "உங்களை மகிழ்வாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு" என்றார். செடியும் கொடுத்தார், ஆனால் நீர் ஊற்றியவர் தாதி. படக் காட்சிக்குரிய நாளையும் நிர்வாகமே குறித்தது. இரு சாராருக்கும் அன்பிற் குறைவில்லை. மூன்று கிழமைக்குப் பின் பார்த்தபோது, பொறுப்புக் கொடுக்கப்பட்டவர்கள் கூடிய உற்சாகத்தோடும் விழிப்போடும் இருந்தனர்; மற்றவர்களிற் பெரும்பாலோர் தளர்ந்திருந்தனர். பதினெட்டு மாதத்துக்குப் பின் முதற் கூட்டத்தினர் 47 பேரில் 7 பேரும், மற்றக் கூட்டத்தினர் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தனர். எண்ணிக்கை சிறிது. இறப்புப் பற்றிய கணக்கில் நேர்ந்த ஒரு பிழையும் பின்னர் திருத்தப்பட்டு, அம்முடிவின் வலிமை குறைந்தது. ஆதலின் செடிக்கு நீர் ஊற்றினால் ஆயுள் நீளும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவருக்கு எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பது எப்பொழுதும் உதவியாகாது என்ற அளவிலே அவ்வாராய்ச்சியை எடுத்துக்கொள்ளலாம்.

இதை நான் கண்ணாரக் கண்டேன். பெரியம்மாவின் இடுப்பில் எப்பொழுதும் ஒரு சாவிக்கொத்து இருக்கும். இல்லத்துக்கு வந்தபின் அச்சாவிகளுக்குப் பூட்டுகளே இல்லை. ஆயினும் கை அடிக்கடி இடுப்பைத் தடவும். இதைக் கவனித்தவர் நான் அல்லேன். முன்சொன்ன அந்தப் பராமரிப்பாளர் அம்மாவே. அவர் மேற்பார்வையாளரிடம் சொல்லி, பத்திரிகைகளும் புத்தகங்களும் வைக்கும் அலுமாரியின் சாவியைப் பெரியம்மாவிடம் கொடுப்பித்தார். இப்பொழுது காலை ஒன்பது மணிக்கு அலுமாரி திறக்கும். யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பது கொப்பியில் அழகான கையெழுத்திற் பதியப்படும். பிந்திக் கொண்டுவருவோருக்கு ஏச்சும் உண்டு! அடுத்த கட்டிலிலுள்ள, கண் மங்கிய அம்மையாருக்கு நாள்தோறும் மரண அறிவித்தல்கள் வாசித்துக் காட்டப்படுகின்றன. அவருக்கு மிக விருப்பமான பகுதி அதுதானாம். ஒரு சாவி செய்த வேலையை எங்கள் வீட்டார் கொண்டுசென்ற பழமும் பிஸ்கற்றும் செய்யவில்லை.

இளைஞர் செய்யக்கூடியது என்ன என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. நெதர்லாந்து நாட்டிலே டெவன்டர் நகரில் ஹியூமானிற்றாஸ் என்னும் முதியோர் இல்லம் இருக்கின்றது. அங்கே ஏறக்குறைய 160 முதியோர் வாழ்ந்த காலத்தில், 2012ஆம் ஆண்டளவில் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கினர். பல்கலைக்கழக மாணவர் சிலருக்கு இல்லத்திலேயே வாடகையின்றி அறை கொடுக்கப்பட்டது. வாடகைக்குப் பதிலாக மாதம் 30 மணித்தியாலம் அவர்கள் முதியோருக்கு நல்ல அயலவராக இருத்தல் வேண்டும். நோயாளரைத் தூக்குவதோ மருந்து கொடுப்பதோ அவர்கள் வேலையன்று. கூட இருந்து உண்பது, பேசுவது, கணினியைப் பயன்படுத்தக் காட்டிக்கொடுப்பது, நோயுற்ற நாளிற் பக்கத்தில் இருப்பது என்பனவே. மாணவர்கள் இரவிற் பிந்தி வந்தால் மறுநாட் காலை உணவு மேசையில் அதுவே கதை. முதியோர் தமது முழங்கால் நோவை விட்டு, பக்கத்து அறைப் பையனின் காதலைப் பற்றிப் பேசத் தொடங்கினராம். கூட்டு வாழ்வு என்பது இதுவல்லவா? அங்கே ஒருவர் கொடையாளி, மற்றவர் பெறுபவர் என்றில்லை, இருவரும் அயலவர்.

இனி இருவகை ஆட்சேபங்களுக்கு விடை கூறவேண்டும்.

முதலாவது: பெற்றோரை இல்லத்தில் விடுவதே நமது பண்பாட்டுக்கு ஒவ்வாது, அவ்வாறிருக்க இல்லங்களைப் பற்றிப் பேசுவதேன் என்பர். இதைச் சொல்வோரின் உள்ளத்தை நான் மதிக்கின்றேன். பெரியம்மாவை விட்டுவந்த நாளில் என் தாயார் அழுத அழுகையையும் நான் அறிவேன். ஆனால் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் அறுபது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேல். பிள்ளைகளிற் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். மணம் செய்யாதவரும் பிள்ளையில்லாதவரும் இருக்கின்றனர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளுக்கு விதிக்கின்றது. பராமரிப்புச் சபையிடம் முறையிடவும் வழி செய்கின்றது. சபை மாதாமாதம் பணம் கொடுக்கும்படி கட்டளையிடலாம். அருகிலிருந்து ஒரு வார்த்தை பேசும்படி எச்சபையாற் கட்டளையிட முடியும்? இல்லம் இருப்பது சரியா பிழையா என்று நாம் வாதிட்டுக்கொண்டிருக்கும் இந்நேரத்திலும் அங்கே மனிதர் இருக்கின்றார்கள்.

இரண்டாவது: நாம் மாணவர்; பரீட்சை உண்டு, தொழில் தேடவேண்டும், நேரமில்லை என்பது. இது உண்மையே. ஆதலினாற்றான் எனது யோசனைகளைச் சிறிதாக வைத்திருக்கின்றேன். அவை ஐந்து:

முதலாவதாக, ஆண்டு நிறைவு விருந்தை நிறுத்தவேண்டாம். ஆனால் அதையே சேவை என்று கணக்கிலெழுதவும் வேண்டாம். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணித்தியாலம், இருவர் இருவராகச் செல்வோம். செல்பவர் எப்பொழுதும் அதே இருவராக இருத்தல் வேண்டும். முகம் மாறினால் உறவு வளராது.

இரண்டாவதாக, முதல் மூன்று முறையும் கையில் ஒன்றும் கொண்டுபோகாதிருப்போம். பெயர், ஊர், செய்த தொழில் இவற்றைக் கேட்டறிவோம். படப்பிடிப்பு அறவே வேண்டாம்.

மூன்றாவதாக, செல்லுமுன் மேற்பார்வையாளரையும் ஊழியரையும் கண்டு, எந்நேரம் வந்தால் இடைஞ்சலில்லை, என்ன செய்தால் உதவி என்று கேட்போம். அவர்கள் வகுத்த விதிகளுக்கு அமைவோம். தடிமன் காய்ச்சல் உள்ளவர் அன்று போகலாகாது. நமக்குச் சிறு நோயாயிருப்பது அவர்களுக்குப் பெருநோயாகலாம்.

நான்காவதாக, முதியோரிடம் நாம் ஏதாவது கேட்போம். தையற்காரராயிருந்தவர் நமது நாடக உடைகளைத் திருத்தித் தரமாட்டாரா? கணக்குப் பதிவாளராயிருந்தவர் நமது கணக்கைப் பார்க்கமாட்டாரா? நமது மலரின் அச்சுப்படிகளைத் திருத்த ஒருவர் தேவை என்று ஆசிரியர் குழு சென்ற கூட்டத்திற் கூறியது. முப்பத்துநான்கு ஆண்டுகள் சிவப்பு மையோடு வாழ்ந்த ஒருவரை நான் அறிவேன். அவரிடம் கேட்டும்விட்டேன். "ஒற்றுப் பிழை விடுகிற பிள்ளையளோ?" என்றார். அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவதாக, தொடர்ந்து செய்ய இயலாதவர் தயவுசெய்து தொடங்கவேண்டாம். இதை வருத்தத்தோடு சொல்லுகின்றேன். சனிக்கிழமை பிற்பகல் படலையைப் பார்த்திருக்கும் ஒருவருக்கு, வராதவர்மேல் உண்டாகும் ஏக்கம், ஒருபோதும் வராதவர்மேல் உண்டாவதில்லை.

அன்பர்களே, நூறு கிளிகளை வாங்கும்படி சங்கத்தை நான் கேட்கவில்லை. தனாதிகாரி அவர்கள் அச்சப்படத் தேவையில்லை. நான் கேட்பது மாதம் நான்கு மணித்தியாலம். என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுமாறு செயலாளரை வேண்டுகின்றேன். கூட்டம் முடிந்தபின் வாயிலருகே ஒரு கொப்பி இருக்கும். விரும்புவோர் பெயரெழுதலாம். எழுதுமுன் ஐந்தாவது யோசனையை மீண்டும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.